பிக்கு ஆகணும்னா எந்த மடத்துக்குப் போறது, காடு கட்டாயம் வேணுமா?

தேரவாத பௌத்த மரபுல பிக்கு ஆகுறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க, தாய்லாந்தா இலங்கையா மியான்மரான்னுதான் குழப்பம், ஆள் நடமாட்டமே இல்லாத காடு, முடிஞ்சா ஒரு குகை, அந்த மாதிரி ஒரு இடம் சொல்லுங்கன்னு கேட்டிருக்கீங்க. நாடுகளப் பத்தி கீழ எழுதறேன். ஆனா அந்த ஆள் நடமாட்டமே இல்லாதங்கற கண்டிஷன முதல்ல கொஞ்சம் ஓரமா வைங்க, ஏன்னா புதுசா சீவரம், அதாவது பிக்குவோட காவி உடை, கட்டப் போறவருக்கு விநய விதிப்படியே, அதாவது பிக்குகளோட ஒழுக்க விதிப்படியே, அது ஒத்து வராது.

ஏன்னு சொல்றேன். உபசம்பதை, அதாவது முழு பிக்குவா ஏத்துக்கற சடங்கு, வாங்கினவர் குறைஞ்சது அஞ்சு வருஷம் ஒரு ஆசிரியரோட பொறுப்புல, அவரச் சார்ந்து இருக்கணும், இதுக்கு நிஸ்ஸயம்னு பேரு. அஞ்சு வருஷம் முடிஞ்சாலும் விநயம் ஒழுங்கா தெரியலன்னா அந்த சார்பு நீண்டுகிட்டே போகும், தேறாதவருக்கு ஆயுசு முழுக்க கூட. காட்டுல இருக்கறவருக்கு ஆசிரியர் கிடைக்காத பட்சத்துல ஒன்னு ரெண்டு விதிவிலக்கு இருக்கு, ஆனா புது ஆள் அத நம்பி பிளான் போட முடியாது. அதனால நீங்க இப்ப தேடுறது இடம்னு நினைச்சாலும், உண்மையில முடிவு பண்ணப் போறது அடுத்த அஞ்சு வருஷம் உங்க தப்ப முகத்துக்கு நேரா சொல்லப் போற ஆள் யாருங்கறத.

அடுத்தது சோறு. பிக்கு சமைக்கக் கூடாது, சாப்பாட்ட நாளைக்குன்னு எடுத்து வைக்கக் கூடாது, அன்னன்னிக்கு யாராவது கையால கொடுத்தத நடுப்பகலுக்குள்ள சாப்பிட்டாகணும். பணமும் தொடக் கூடாது. இந்த நாலு விதியையும் சேத்து வச்சுப் பாருங்க, ஊரே இல்லாத காட்டுல ரெண்டாவது நாள் என்ன பண்ணுவீங்க? இந்த விதிகள் இருக்கறதே பிக்குவையும் ஊர்க்காரங்களையும் விலகிப் போகாம கட்டி வைக்கறதுக்குத்தான்னு எனக்குத் தோணும். புத்தர் ஞானம் அடையறதுக்கு முன்னாடி உருவேலாங்கற இடத்த ஏன் தேர்ந்தெடுத்தார்னு அவரே சொல்லியிருக்கார்: ரம்மியமான நிலம், தோப்பு, தெளிஞ்ச ஆறு, நல்ல படித்துறை, பக்கத்துலயே பிச்சைக்குப் போக ஊர். கடைசி ஐட்டத்த கவனிங்க. மகத ராஜா பிம்பிசாரன் ராஜகிருகத்துல புத்தருக்கு இடம் தேடினப்பவும் இதே கணக்குதான், ஊருக்கு ரொம்ப தூரமும் இல்ல ரொம்ப கிட்டவும் இல்ல, போக வர வசதி, பகல்ல கூட்டம் இருக்காது, ராத்திரி சத்தம் இருக்காது, அப்படிப் பாத்துதான் தன்னோட மூங்கில் தோப்பக் கொடுத்தான்.

புத்தரோட உபதேசத் தொகுப்புகள்ல ஒன்னான அங்குத்தர நிகாயத்துல பத்துகள் பகுதியில தங்குற இடத்துக்கு அஞ்சு லட்சணம் வருது. இப்ப சொன்ன தூரம் ஒன்னு, அமைதி ஒன்னு, ஈ கொசு காத்து வெயில் பாம்பு தொந்தரவு கம்மியா இருக்கணும்ங்கறது ஒன்னு, துணி சோறு மருந்து சிரமமில்லாம கிடைக்கணும்ங்கறது ஒன்னு, அஞ்சாவதா, தம்மமும் (புத்தரோட போதனையும்) விநயமும் நல்லாத் தெரிஞ்ச மூத்த பிக்குகள் அங்க இருக்கணும், அப்பப்ப போயி "இதுக்கு என்ன அர்த்தம் பந்தே"ன்னு கேக்கறதுக்கு ஆள் இருக்கணும். இடத்தோட லட்சணம்னு சொல்லிட்டு ஆள அதுல சேத்திருக்கார் பாருங்க. அதே சூத்திரத்துல தங்கப் போறவருக்கும் அஞ்சு தகுதி சொல்லியிருக்கு, நம்பிக்கை, ஓரளவு ஆரோக்கியம், தன் நிலைமைய மறைக்காத நேர்மை, விடாமுயற்சி, அறிவு. ஆரோக்கியம் லிஸ்ட்ல இருக்கறத பலர் கவனிக்கறதே இல்ல.

இப்ப முக்கியமான அளவுகோலுக்கு வர்றேன். இன்னொரு தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்துல 17ஆவதா வர்ற வனபத்த சூத்திரம் உங்க கேள்விக்குன்னே சொன்ன மாதிரி இருக்கும். அதுல புத்தர் ரெண்டே விஷயம்தான் பாக்கறார். அங்க தங்கினதுக்கப்பறம் விழிப்பு வளருதா, அலைஞ்ச மனசு நிலைக்கு வருதா, மன அழுக்கு குறையுதாங்கறது ஒன்னு. துணி, சோறு, இருப்பிடம், மருந்து சுலபமா கிடைக்குதாங்கறது இன்னொன்னு. ரெண்டுமே இல்லன்னா அன்னிக்கே கிளம்பிடு, ராத்திரின்னா ராத்திரியே. வசதி எல்லாம் ஜோரா கிடைக்குது ஆனா மனசு ஒரு அடி கூட நகரல, அப்பவும் கிளம்பு, நான் சோத்துக்காகவும் துணிக்காகவுமா வீட்ட விட்டு வந்தேன்னு யோசிச்சுப் பாத்துட்டு கிளம்பு. மனசு வளருது ஆனா சோத்துக்குத் திண்டாட்டம், அப்ப இரு. ரெண்டும் நல்லா இருக்கு, அப்ப ஆயுசுக்கும் அங்கேயே இரு. இதே கணக்க கிராமம், பட்டணம், நாடுன்னு ஒவ்வொன்னுக்கும் சொல்லிட்டு கடைசில ஒரு ஆளுக்கும் சொல்றார், யாரச் சார்ந்து இருந்தா உன் மனசு வளருதோ, வசதியும் குறையில்லையோ, அவரே விரட்டினாலும் விட்டுப் போகாதங்கறார்.

இந்த நாலுல ஆபத்தானது ரெண்டாவதுதான். சோறு இல்ல, மனசும் சரியில்லன்னா யாரும் சொல்லாமலே ஓடி வந்துடுவோம். நல்ல குடில், நல்ல சாப்பாடு, அன்பான ஜனங்க, எல்லாரும் கும்பிடறாங்க, வருஷம் போறதே தெரியாது, உள்ள ஒன்னுமே நடந்திருக்காது. அந்த மாதிரி இடத்துல செட்டில் ஆனவங்க எந்த நாட்டுலயும் இருக்காங்க.

இன்னொரு விஷயம், இந்த அளவுகோல் எதுவுமே போட்டோ பாத்து, வெப்சைட் பாத்து தெரிஞ்சுக்க முடியாது. தங்கிப் பாத்தாதான் தெரியும். அதனாலதான் என்கிட்ட யாராவது எது பெஸ்ட் மடம்னு கேட்டா ஒரு பேர் சொல்லி அனுப்ப மாட்டேன், மூணு நாலு இடத்துல கிருகஸ்தராவே போயி தங்கிட்டு வாங்கன்னுதான் சொல்லுவேன்.

தனியா இருக்கற ஆசையப் பத்தியும் ரெண்டு கதை இருக்கு. மேகியன்னு ஒரு பிக்கு, புத்தருக்குப் பணிவிடை செஞ்சுகிட்டு இருந்தவர், கிமிகாளா ஆத்தங்கரையில ஒரு மாந்தோப்பப் பாத்து மயங்கிட்டார், ஆகா தியானத்துக்குன்னே செஞ்ச இடம்னு. போகட்டுமான்னு கேட்டார், நான் தனியா இருக்கேன், வேற ஒரு பிக்கு வர்ற வரைக்கும் இருன்னார் புத்தர். மூணு தடவ கேட்டு, மூணாவது தடவ அனுமதி வாங்கிட்டுப் போயி மரத்தடியில உக்காந்தா காமம், கோபம், பிறர துன்புறுத்தற எண்ணம், இந்த மூணும் வரிசை கட்டி வந்துச்சு. திரும்பி வந்து சொன்னப்ப புத்தர் தோப்பப் பத்தி ஒரு வார்த்த பேசல, மனசு பக்குவப்பட அஞ்சு விஷயம் வேணும், அதுல முதல்லயே வர்றது நல்ல நண்பர்கள்னார். இன்னொருத்தர் உபாலி, காட்டுக்குள்ள போயி இருக்கப் போறேன்னு வந்து நின்னவர். யானை குளத்துல இறங்கி ஆனந்தமா குளிச்சிட்டு ஏறிப் போகுது, அதப் பாத்துட்டு முயலோ பூனையோ அதே மாதிரி குதிச்சா முழுகும் இல்ல மிதக்கும்னு புத்தர் சொல்லி, சமாதி கைகூடாதவருக்கு காடு அப்படித்தான், நீ சங்கத்தோடயே இருன்னு சொல்லிட்டார். அடர்ந்த காட்டுல போயி உக்காந்த அப்பறம் மனசு அமைதியாகும்னு நாம நினைக்கறது தலைகீழ்.

அஞ்சாம் நூற்றாண்டுல உரையாசிரியர் புத்தகோசர் இலங்கையில அநுராதபுரத்துல இருந்து எழுதின விசுத்திமக்கங்கற பயிற்சி நூல்ல தியானத்துக்கு ஆகாத மடத்தோட குறைகள்னு பதினெட்டு வரும். படிச்சா சிரிப்பு வரும், ஏன்னா அத்தனையும் இன்னிக்கும் நடக்குது. மடம் ரொம்பப் பெருசா இருந்தா பல நோக்கத்தோட ஆட்கள் இருப்பாங்க, கூட்டற வேலைய யார் செய்யறதுன்னு சண்ட வரும். புது மடமா இருந்தா கட்டட வேலை. பாழடைஞ்சதா இருந்தா ரிப்பேர் வேலை. ரோட்டோரமா இருந்தா ராத்திரி பகல் வித்தியாசமில்லாம ஆள் வந்து இறங்கும், உங்க அறைய விட்டுட்டு நீங்க மரத்தடிக்குப் போகணும். குளம் இருந்தா தண்ணி எடுக்க கூட்டம், பழமரம் இருந்தா மாங்கா கேட்டு கூட்டம், நல்ல மரம் இருந்தா வெட்ட வர்றவங்க, வயல் பக்கத்துல இருந்தா உங்க முத்தத்துலயே கதிரடிப்பாங்க. ரெண்டு ராஜாக்களோட எல்லையில இருந்தா இவன் அவனோட ஒற்றன்னு சந்தேகப்படுவாங்க. ஒத்துப்போகாத ஆட்கள் இருக்கற இடம், நல்ல நண்பர் கிடைக்காத இடம், இதுவும் லிஸ்ட்ல உண்டு.

இதுல பிரபலமான மடம்ங்கறத தனியா சொல்லணும். அங்க போயி இருந்தாலே ஜனங்க இவர் அரஹந்தர், அதாவது ஞானம் அடைஞ்சவர்னு நினைச்சு கும்பிட வந்துடுவாங்கன்னு எழுதறார். ஆயிரத்து ஐநூறு வருஷத்துக்கு முன்னாடியே! இன்னிக்கு யூடியூப்ல நிறைய வீடியோ இருக்கற மடத்துக்குத்தான் எல்லாரும் முதல்ல அப்ளை பண்றோம், அங்க தலைமை ஆசிரியர் பாதி வருஷம் வெளிநாட்டுப் பயணத்துல இருந்தா உங்களுக்கு அஞ்சு வருஷம் சொல்லித் தரப்போறது யாருன்னு கேக்க மறந்துடறோம். புது மடங்கறதும் அப்படித்தான், கட்டட வேலை நடக்குற இடத்துல உடம்புல தெம்பு இருக்கற புது பிக்கு தியான ஆசனத்துல உக்காந்திருக்கறத விட சிமெண்ட் கலவைய சுமந்துகிட்டு இருப்பார். அது சில பேருக்கு நல்லதுதான், ஆனா தெரிஞ்சு போங்க.

குகை கேட்டீங்கல்ல, அதுக்கும் புத்தகோசர்கிட்ட பதில் இருக்கு. ஆளோட சுபாவத்துக்கு ஏத்த மாதிரி இருப்பிடம் கொடுக்கணும்ங்கறார். ஆசை மிகுந்தவருக்கு அழுக்கா, வௌவால் அடைஞ்ச, பாக்கவே பிடிக்காத குடிசை, கட்டில்ல மூட்டைப்பூச்சி இருந்தாலும் பரவால்லயாம். கோபக்காரருக்கு நேர் எதிரு, நிழல் தண்ணி எல்லாம் வசதியா, சுவத்துல சித்திரம் போட்ட அழகான இடம். குழப்பத்துலயே இருக்கற சுபாவத்துக்கு அடைசலா இல்லாம நாலு திசையும் தெறந்து தெரியற இடம். எண்ணம் ஓயாம ஓடிகிட்டே இருக்கறவருக்குத்தான் காடு மறைச்ச ஆழமான குகை, ஏன்னா காட்சி அழகா இருந்தா அதப் பத்தியே யோசிச்சுகிட்டு இருப்பார். சோ நீங்க குகைக்குப் பொருத்தமான ஆளா இருக்கலாம், ஆனா அத நீங்களே முடிவு பண்ணாம உங்கள கொஞ்ச நாள் பாத்த ஆசிரியர் சொல்லட்டும். நமக்குப் பிடிச்ச இடம் பெரும்பாலும் நம்ம சுபாவத்துக்குத் தீனி போடற இடமாத்தான் இருக்கும்.

சரி, நாடுகள்.

தாய்லாந்து காட்டு மரபுல வெளிநாட்டுக்காரங்களுக்கு நல்லா பழகின வழி உபோன் ராட்சதானில இருக்கற வாட் பா நானாசாட். அஜான் சாங்கற ஆசிரியர் 1954ல வாட் பா போங் ஆரம்பிச்சார், அங்க வந்த வெளிநாட்டுச் சீடர்களுக்காக 1975ல இத ஆரம்பிச்சார், பேச்சு பயிற்சி எல்லாம் இங்கிலீஷ்ல. உடனே காவி கிடையாது, முதல்ல விருந்தாளி, அப்பறம் தலைய மழிச்சு வெள்ளை உடுத்தி சில மாசம், அப்பறம் சாமணேரரா, அதாவது முழு பிக்குவுக்கு முந்தின நிலையில, ஒரு வருஷம் கிட்ட, அதுக்கப்பறம்தான் உபசம்பதை, அதோட அஞ்சு வருஷம் ஆசிரியர்கள் சொல்ற இடத்துல இருக்கறதா ஒத்துக்கணும். இந்த மரபுல தியான டெக்னிக்க விட கூட்டு வாழ்க்கை, விநயம், பொறுமை இதுதான் பயிற்சியோட முதுகெலும்பு. நாள் முழுக்க உக்காந்து தியானம் பண்ணத்தான் வந்தேன்னு போறவங்களுக்கு கூட்டறதும் கிணத்தடி வேலையும் எரிச்சலா இருக்கும்.

மியான்மர் அதுக்கு மறுபக்கம். யாங்கூன்ல மகாசி மையம், மௌலமியாயின் பக்கத்துல பா ஆக் தோயா, இங்கெல்லாம் தியானமே முழுநேர வேலை, முறை துல்லியமா வகுத்து வச்சிருப்பாங்க, ஆசிரியர்கிட்ட ரெகுலரா ரிப்போர்ட் பண்ணணும். கொஞ்ச காலத்துக்கு மட்டும் பிக்குவா இருந்துட்டு திரும்பறது அந்த ஊர் பழக்கம், அதனால சீவரம் சீக்கிரம் கிடைக்கும், ஆனா விநயத்துல ஊறி வளரணும்னா அத நீங்களா தேடிப் போயி கத்துக்கணும். பா ஆக் மாதிரி மடம் பெருசு, நூத்துக்கணக்குல ஆள் இருப்பாங்க. 2021 ராணுவப் புரட்சிக்கு அப்பறம் நாட்டு நிலைமை சரியில்ல, அத சாதாரணமா எடுத்துக்காதீங்க, இருக்கற இடத்துல இருந்து நகர முடியாம மாட்டிக்கறதும் நடக்கலாம்.

இலங்கையில கல்துவாவ மையமா வச்ச காட்டு மடங்களோட அமைப்பு 1951ல ஆரம்பிச்சது, அதுக்குக் கீழ நிறைய ஆரண்யங்கள் இருக்கு, மெல்சிரிபுர பக்கம் நா உயன, மித்திரிகலவுல நிஸ்ஸரண வனம் இதெல்லாம் வெளிநாட்டு ஆட்கள் தங்கிப் பயிற்சி பண்ற இடங்க. நா உயனவுல பா ஆக் முறை, மித்திரிகலவுல மகாசி முறையோட தாக்கம். குடில்கள் தள்ளித் தள்ளி, பேச்சு கம்மி, தனிமை தாய்லாந்த விட அதிகம், நீங்க கேக்கற சூழ்நிலைக்கு இதுதான் கிட்ட வரும். ஆனா தானா ஒழுங்கா இருக்கத் தெரியணும், இல்லன்னா நாள் பூரா தூங்கினாலும் கேக்க ஆள் வர மாட்டாங்க. இன்னொன்னையும் மறைக்காம சொல்லணும், அங்க நிகாயங்கள்ல, இங்க நிகாயம்னா பிக்கு சங்கத்தோட பிரிவு, சாதி இருக்கு. 1753ல தாய்லாந்துல இருந்து உபசம்பதை கொண்டுவந்து உருவான சியாம் நிகாயம் பிறகு கொவிகம சாதிக்கு மட்டும்னு ஆச்சு, அதுக்கு எதிர்ப்பாத்தான் அமரபுர நிகாயமே வந்தது. கல்துவா மடங்கள் 1864ல உண்டான ராமஞ்ஞ நிகாயத்தச் சேர்ந்தது, வெளிநாட்டுல இருந்து போறவங்கள அங்க இந்தக் கேள்வி தொடாது, ஆனா எந்த நிகாயத்துல உபசம்பதை வாங்கறோம்னு தெரியாம போயி நிக்கக் கூடாது.

படிக்கற பெண்களுக்கு ஒரு வார்த்த, ஏன்னா இடத் தேர்வு அவங்களுக்கு இன்னும் சிக்கல். தேரவாதத்துல பிக்குணி, அதாவது பெண் பிக்கு, மரபு ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி அறுந்து போச்சு, 1996ல சாரநாத்லயும் 1998ல புத்தகயாவுலயும் தம்புள்ளையிலயும் திரும்ப உபசம்பதை நடந்துச்சு. இலங்கையில இப்ப பிக்குணிகள் இருக்காங்க. தாய்லாந்துல 1928ல போட்ட சங்க உத்தரவு பிக்குகள் பெண்களுக்கு உபசம்பதை கொடுக்கக் கூடாதுன்னுது, அதனால அங்க வெள்ளை உடுத்தின மே சீதான், அதாவது உபசம்பதை வாங்காத துறவிப் பெண்கள்தான், அதிகம். ஆஸ்திரேலியாவுல பெர்த் பக்கம் தம்மசாரா பிக்குணிகளுக்குன்னே இருக்கற மடம். 2009ல அதே பெர்த் பக்கம் அஜான் பிரம்மோட போதிஞானா மடத்துல நடந்த பிக்குணி உபசம்பதைக்காக அந்த மடத்த வாட் பா போங் தன்னோட கூட்டத்துல இருந்தே விலக்கிடுச்சு, அந்த அளவுக்கு இது இன்னும் சூடான விஷயம். பிக்குணி தனியா காட்டுல தங்கறத விநயமே தடுக்குது, அதனால குகை ஐடியா அவங்களுக்கு சுத்தமா கிடையாது.

போயி தங்கும்போது என்ன பாக்கணும்? பணத்த எப்படி கையாள்றாங்கன்னு முதல்ல பாருங்க, பிக்கு பாக்கெட்ல பர்ஸ் இருந்தா அந்த இடத்துல மத்த விதி எப்படி இருக்கும்னு ஊகிச்சுக்கலாம். பத்து வருஷம் தாண்டின பிக்குகள் எத்தன பேர் அங்கயே இருக்காங்கன்னு பாருங்க, எல்லாரும் புது ஆட்களா இருந்தா மத்தவங்க எங்க போனாங்கன்னு கேளுங்க, ஏன் போனாங்கன்னும் கேளுங்க. உடம்பு சரியில்லாதவர யார் பாத்துக்கறாங்க? பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ பாதிமொக்கம், அதாவது பிக்கு விதிகளோட தொகுப்பு, ஓதறாங்களா? அதுக்கே குறைஞ்சது நாலு பிக்கு வேணும். மூத்தவர ஜூனியர் கேள்வி கேட்டா அவர் முகம் எப்படி மாறுதுன்னு பாருங்க, எனக்கு இந்த ஒன்னு போதும், மத்ததெல்லாம் அப்பறம். வெயில் காலத்துல ஒரு தடவ, மழைக்காலத்துல ஒரு தடவ தங்கிப் பாத்தா நல்லது, மூணு மாச வஸ்ஸ காலத்துல பிக்குகள் ஊர் சுத்தாம ஒரே இடத்துல இருப்பாங்க, மடத்தோட அசல் வாழ்க்க அப்பதான் தெரியும், சில இடத்துல அப்ப விருந்தாளி எடுக்க மாட்டாங்க, முன்னாடியே கேட்டுக்குங்க.

ரெண்டு மூணு இடம் பாத்தப்பறம் இன்னொன்னு இன்னொன்னுன்னு தேடிகிட்டே இருக்கற வியாதி வரும், பயணமும் பதினெட்டு குறைகளுக்குப் பக்கத்துலயே சொல்ற பத்து தடைகள்ல ஒன்னுதான், இருப்பிடமும் அதுல ஒன்னு. இதுக்கு விசுத்திமக்கத்துல ஒரு கதை. அநுராதபுரத்துல தூபாராமங்கற மடத்துல இருந்த ஒரு பிக்குவ, பாசீனகண்டராஜிங்கற இடத்துல போயி செட்டில் ஆன அவரோட நண்பர் பாக்க வர்றார். இத்தன வருஷம் இங்க இருக்காரே, பெரிய உபசாரம் கிடைக்கும்னு எதிர்பாத்தா ஒன்னுமில்ல, பிச்சைக்குப் போனா கஞ்சிதான். எங்க இடத்துக்கு வாங்களேன், நல்லா இருக்கும்னார் வந்தவர். சரின்னு அந்த நிமிஷமே பாத்திரத்தோட அந்த வழியில நடக்க ஆரம்பிச்சிட்டார் பல வருஷமா அங்க இருந்தவர். உங்க சாமான் எதுவும் எடுக்க வேண்டாமான்னா, கட்டிலும் நாற்காலியும் சங்கத்தோடது, ஒழுங்கா எடுத்து வச்சாச்சு, வேற ஒன்னும் இல்லன்னார். ஒரு நாள் தங்க வந்த நண்பர்தான், ஐயோ என்னோட கைத்தடி, எண்ணெய்க் குழல், செருப்புப் பை எல்லாம் அங்கயே இருக்கேன்னாராம்.

கடைசியா ப்ராக்டிகலா. உபசம்பதை நேரத்துல கடன் இருக்கா, அரசு வேலையில இருக்கீங்களா, அப்பா அம்மா அனுமதி இருக்கா, குறிப்பிட்ட நோய்கள் இருக்கான்னு சங்கத்து முன்னாடி கேப்பாங்க, இது சடங்குக்குக் கேக்கற கேள்வி இல்ல. லோன் இருந்தா முடிச்சுட்டுப் போங்க, வீட்டுல பேச வேண்டியத இப்பவே ஆரம்பிங்க, பல பேருக்கு இதுக்கே வருஷக்கணக்கு ஆகுது. மாத்திரை எடுத்துக்கறவரா இருந்தா, அதுலயும் மனநலத்துக்கான மருந்துன்னா, மடத்துக்கு எழுதற முதல் மெயில்லயே சொல்லிடுங்க, அங்க போயி மருந்த நிறுத்திக்கலாம்ங்கற நினைப்பு மட்டும் வேண்டாம். விசாவுக்கு மடத்தோட கடிதம் தேவைப்படும், அதனால டூரிஸ்டா போயி அங்கேயே தங்கிடலாம்னு டிக்கெட் போட்டுடாதீங்க. பதில் வர லேட்டாகும், மெயில் பாக்கறதுக்கு அங்க ஒருத்தர் இருந்தாலே பெரிசு. ஒரு மாசம் பாத்துட்டு திரும்ப ஒன்னு சுருக்கமா போடுங்க.